படைக்கும் துணிவு: பெங்களூரு தரும் பாடம்



ஒரு நாட்டின் வளர்ச்சியைக் கணக்கிடப் பல அளவுகோல்கள் இருக்கின்றன. எத்தனை டன் உணவு தானியம் விளைந்தது, எத்தனை ஊர்களுக்கு மின்சாரம் சென்றது, எத்தனை பள்ளிகள் திறக்கப்பட்டன என்பனவற்றை எண்களால் கூறிவிடலாம். ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று ஒரு மாணவர் முதன்முறையாகத் தமக்குள் சொல்லிக்கொள்ளும் நேரத்தை எந்தப் பட்டியலிலும் சேர்க்க இயலாது. ஆயினும் அந்த உறுதி பிறக்காத பள்ளியில் கட்டடமும் கருவியும் இருந்து பெரும்பயன் விளைவதில்லை.

மாணவர் ஒருவர் ஒரு பொருளை வடிவமைத்து, அதற்குரிய நிரலைக் கணிப்பொறியில் எழுதி, அது பழுதுபடும்போது திருத்தி, முடித்துப் பிறர் முன் வைக்கிறார். அப்போது அவருக்குள் என்ன நிகழ்கிறது? அந்த வளர்ச்சிக்கு அரசும் பள்ளியும் எவ்வாறு துணை நிற்கலாம்? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள். இவற்றை ஆராயப் பெங்களூரு நகரம் நல்லதொரு களமாகும்.

தொழில் நகரமும் அதன் பிள்ளைகளும்

1909-ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கழகம் இந்நகரில் நிறுவப்பெற்றது. விடுதலைக்குப் பின்னர் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அடுத்தடுத்து இங்கே எழுந்தன. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தன் வடிவமைப்பு மையத்தை இங்கே அமைத்தது. 1991-க்குப் பின்னர் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் வலுப்பெற்றதும், நிரல் எழுதும் தொழிலின் தலைநகரம் என்னும் பெயரை இந்நகரம் அடைந்தது.

வடிவமைப்புக் கல்வியும் இங்கே வேரூன்றியுள்ளது. சிருஷ்டி கலை, வடிவமைப்பு நிறுவனம் 1996-இல் தொடங்கப்பெற்றது. அகமதாபாத்தில் 1961-இல் பிறந்த தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகம் 2006-இல் திறக்கப்பெற்றது. அத்தேசிய நிறுவனத்தின் பிறப்புக்கு அடித்தளமாக அமைந்தது, இந்திய அரசின் வேண்டுகோளுக்கு இணங்கச் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1958-இல் அளித்த அறிக்கை. சிறந்த வடிவமைப்புக்குச் சான்றாக அவ்வறிக்கை எடுத்துக்கொண்ட பொருள் நம் வீடுகளில் புழங்கும் செம்பு! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பிலா கையிலா சுமப்பது, ஊற்றும்போது நீர் எவ்வாறு வழிய வேண்டும், உட்புறத்தைக் கை விட்டுத் துலக்க முடியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பல தலைமுறை மக்கள் கண்ட விடையே அந்தச் செம்பின் வடிவம் என்று அது விளக்கியது. வடிவமைப்பு என்பது மேற்பூச்சு அழகு அன்று. பயன்படுத்துவோரின் தேவையைக் கேட்டறிந்து, பொருளுக்கு உருவம் தருவதாகும். இக்கருத்தை மாணவர் மனத்தில் இருத்துவது இன்றியமையாதது.

இத்தனை நிறுவனங்கள் சூழ்ந்த நகரத்தில், அவற்றின் மதிற்சுவருக்கு அப்பால் மற்றொரு நகரமும் உண்டு. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்வோர், துப்புரவுப் பணியாளர், தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வட கர்நாடகத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் ஆகியோரின் குடியிருப்புகள் அவை. கணிப்பொறி நிறுவனத்தின் கண்ணாடி மாளிகையைப் பிள்ளைகள் நாள்தோறும் காண்கிறார்கள். அதன் உள்ளே நிகழும் வேலை தமக்கும் உரியது என எண்ணும் வாய்ப்பு அவர்களுள் பலருக்கு அமைவதில்லை. தொலைவு சில நூறு அடிகளே. அதைக் கடக்கத் துணிவு வேண்டும்.

குரப்பனபாளையத்தில் ஒரு முயற்சி

பன்னேருகட்டா சாலையை ஒட்டிய குரப்பனபாளையம் பகுதியில், சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் இத்தகைய துணிவை வளர்க்கும் முயற்சி ஒன்று 2000-களின் பிற்பகுதியில் மேற்கொள்ளப்பட்டது. ‘அம்பேத்கர் சமுதாயக் கணிப்பொறி நிலையம்’ என்பது அதன் பெயர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சார்ந்த தன்னார்வலர்கள் அதற்குத் துணை நின்றனர். பழைய கணிப்பொறிகள், கட்டணம் இல்லாத மென்பொருள்கள், ஓய்வு நேரத்தை ஈந்த இளம் பொறியாளர்களும் மாணவர்களும் ஆகியனவே அதன் முதலீடு.

அங்குப் பயின்றோர் கணிப்பொறியை இயக்கக் கற்றதோடு நின்றுவிடவில்லை. படம் வரையவும் திருத்தவும் பயன்படும் ‘கிம்ப்’ என்னும் மென்பொருளைக் கொண்டு ஓவியங்களைப் படைத்தனர். முறையான ஓவியப் பயிற்சி பெறாத இளைஞர் ஒருவர் அங்கு வரைந்த படங்கள் நிலையத்துக்கு வெளியேயும் பார்வையாளர்களைப் பெற்றன. தட்டச்சுப் பயிற்சி பெற்றவர் வேலை தேடிச் செல்லும்போது, தாம் கற்றதைச் சொல்வார். தம் படைப்பை உடையவரோ அதைக் காட்டுவார். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று.

அந்நிலையம் பயன்படுத்திய கருவிகளின் வரலாறும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘கிம்ப்’ மென்பொருள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995-இல் தொடங்கிய கல்லூரிச் செய்முறைத் திட்டமாகும். கட்டற்ற கணிப்பொறிகளை இயக்கும் ‘லினக்ஸ்’ கருவை 1991-இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர். மாணவர் சிலர் தம் தேவைக்காகவும் ஆர்வத்துக்காகவும் செய்து, பிறர் திருத்துவதற்குத் திறந்துவைத்த பொருள்கள், பல ஆண்டுகள் கழித்துப் பெங்களூருவின் குடிசைப் பகுதி ஒன்றில் வேறு மாணவர்களின் கைக்கு வந்து சேர்ந்தன. கருவியைச் செய்தவர்களும் ஒரு காலத்தில் கற்றுக்குட்டிகளே என்ற செய்தி, கருவியைக் கையாளும் மாணவருக்குத் தரும் ஊக்கத்தை எந்த அறிவுரையும் தந்துவிடாது.

துணிவு எவ்வாறு பிறக்கிறது?

தன்னம்பிக்கை என்பது பிறவிக் குணம் என்று கருதுவோர் உளர். உளவியல் ஆய்வு அதை ஏற்பதில்லை. ஆல்பர்ட் பந்துரா என்னும் அறிஞர் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு செயலைத் தம்மால் செய்து முடிக்க இயலும் என்ற நம்பிக்கை எவ்வழிகளில் உருவாகிறது என்பதை வகுத்துக் காட்டினார். தாமே செய்து வெற்றி காண்பது முதல் வழி. தம்மை ஒத்தவர் செய்வதைக் காண்பது இரண்டாவது. பிறர் ஊக்குவிப்பது மூன்றாவது. உடலும் மனமும் அச்சமின்றி அமைதியாக இருப்பது நான்காவது. இவற்றுள் வலிமை மிக்கது முதல் வழியே. பாம்பைக் கண்டு நடுங்குவோரைச் சிறு சிறு படிகளாக அழைத்துச் சென்று, இறுதியில் பாம்பைக் கையால் தொடும் நிலைக்குக் கொண்டுவந்த சோதனைகள் அவருடைய ஆய்வுகளுள் புகழ்பெற்றவை. அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் கெல்லியும் அவர் உடன்பிறந்தார் டாம் கெல்லியும் 2013-இல் படைப்புத் துணிவு பற்றி எழுதிய நூலில், பந்துராவின் இக்கருத்தையே வடிவமைப்புக் கல்விக்குப் பொருத்திக் காட்டினர்.

‘நீ திறமைசாலி’ என்று பலமுறை சொல்வதால் மாணவருக்குத் துணிவு வந்துவிடாது என்பது இதனால் பெறப்படுகிறது. முடிக்கக்கூடிய அளவிலான ஒரு வேலையை அவர் முடிக்க வேண்டும். பிறகு அதனினும் சற்றே கடினமான வேலை ஒன்று அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

கணிப்பொறி இதற்கு எவ்வாறு உதவுகிறது? தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கண்டார். அவரும் வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் 1967-இல் குழந்தைகளுக்கென ‘லோகோ’ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். ‘முன்னே செல்’, ‘வலப்புறம் திரும்பு’ போன்ற கட்டளைகளுக்கு ஏற்ப ஓர் ‘ஆமை’ நகர்ந்து கோடு வரையும். சதுரம் வரைய எண்ணிய குழந்தை 90 பாகைக்குப் பதிலாக 80 பாகை திருப்பிவிட்டால் உருவம் மூடாது. அந்தத் தவறு சிவப்பு மையால் குறிக்கப்படுவதில்லை, மதிப்பெண்ணும் குறைவதில்லை. எங்கே பிசகியது என்று குழந்தை தானே ஆமையைப் போல நடந்து பார்த்துத் திருத்திக்கொள்கிறது. நிரல் எழுதுவோர் எவருடைய முதல் முயற்சியும் பிழையின்றி அமைவதில்லை என்பதையும், பிழை என்பது திருத்தப்பட வேண்டிய ஒரு பொருளே என்பதையும், 1980-இல் வெளிவந்த தம் நூலில் பேப்பர்ட் வற்புறுத்தினார். விடை சரியா தவறா என்ற இரண்டே நிலைகளை அறிந்த நம் தேர்வு முறைக்கு இது புதிய பார்வை.

பேப்பர்ட்டின் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக்கும் அவர் குழுவினரும் 2007-இல் ‘ஸ்க்ராட்ச்’ என்னும் நிரல்மொழியை வெளியிட்டனர். இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் தோன்றும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்திக் கதை, விளையாட்டு, இசை என எதனையும் ஆக்கலாம். நுழைவதற்கு எளிதாகவும், மேலே செல்ல இடம் உள்ளதாகவும், பலவகை ஆர்வங்களுக்கும் வழிவிடுவதாகவும் ஒரு கல்விக் கருவி அமைய வேண்டும் என்பது இவ்வறிஞர்களின் கொள்கை.

கையால் செய்து கற்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை மையமாகக் கொண்டதே. 1972-இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம், கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் எளிய பொருள்களைக் கொண்டு சோதனை செய்து கற்க வழிவகுத்தது. இராட்டையும் தக்ளியும் நின்ற இடத்தில் இன்று உணரிகளும் சிறு மின்சுற்றுப் பலகைகளும் வந்துள்ளன. கையும் மூளையும் இணைய வேண்டும் என்ற கொள்கை மாறவில்லை.

ஒரு செய்முறைத் திட்டத்தின் படிகள்

இவ்வளர்ச்சி நடைமுறையில் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெங்களூருவின் குடிநீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காவிரியிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. பல பகுதிகளில் குழாயில் நீர் குறிப்பிட்ட சில நேரங்களில் மட்டுமே வரும். நீர் வரும் நேரத்தை அறிவிக்கும் கருவி ஒன்றைச் செய்ய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி முற்படுகிறாள் என்று கொள்வோம்.

அவள் முதலில் செய்யவேண்டியது தன் தெருவில் உள்ளவர்களைக் கேட்பது. நள்ளிரவில் நீர் வந்தால் மணி ஒலித்துக் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும் என்பார் ஒருவர். காது மந்தமான பாட்டிக்கு மணியோசை பயன்படாது என்பார் மற்றொருவர். எனவே ஒலிக்குப் பதிலாக விளக்கு எரிவது மேல் என்ற முடிவுக்கு அவள் வருகிறாள். எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்பே வடிவமைப்பின் முதற்பாடம் முடிந்துவிட்டது.

அடுத்து, குழாயடியில் ஒரு கிண்ணத்தை வைத்து அதில் இரு செப்புக் கம்பிகளைப் பொருத்துகிறாள். நீர் இரண்டையும் இணைத்தால் மின்சாரம் பாயும். அதைச் சிறு மின்சுற்றுப் பலகை உணரும். ‘ஈரம் இருந்தால் விளக்கை எரி, இல்லையேல் அணை’ என்பதே நிரல். முதல் நாளிலேயே அது வேலை செய்கிறது. மகிழ்ச்சி ஓரிரவு நீடிக்கிறது. மறுநாள் நீர் வராமலே விளக்கு எரிகிறது. காரணம், குழாயிலிருந்து சொட்டிய துளிகள் கிண்ணத்தில் தேங்கியமையே. நிரலை எத்தனை முறை படித்தும் அதில் பிழை தென்படுவதில்லை. பிழை கிண்ணத்தில் இருந்தது. அதன் அடியில் ஊசித் துளை ஒன்றை இட்டதும் சொட்டு நீர் வடிந்துவிடுகிறது. குழாய் முழுமையாகத் திறந்து நீர் பாயும்போது மட்டும் கிண்ணம் நிரம்புகிறது. நீர் நின்றதும் கிண்ணம் தானே காலியாகி விளக்கும் அணைகிறது.

சில வாரங்கள் கழித்துக் கருவி மீண்டும் நின்றுவிடுகிறது. கம்பிகளுள் ஒன்று பச்சை பூத்து அரித்துப் போயிருக்கிறது. நீரில் நனைந்த கம்பியில் ஒரே திசையில் இடைவிடாது மின்சாரம் பாய்ந்தால் அது அரிக்கும் என்பது வேதியியல் பாடத்தில் வரும் செய்தி. இம்முறை திருத்தம் நிரலில் செய்யப்படுகிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை, கணநேரம் மட்டுமே மின்சாரம் செலுத்திச் சோதித்தால் போதும். கம்பியின் ஆயுளும் மின்கலத்தின் ஆயுளும் நீள்கின்றன.

மாணவி கற்றவை எவை? மின்னியல், வேதியியல், நிரலாக்கம் ஆகியவற்றின் சில கூறுகளை அறிந்தாள். வடிவத்தால் தீர்க்க வேண்டியது எது, நிரலால் தீர்க்க வேண்டியது எது என்று பிரித்தறியவும் பழகினாள். இவை அனைத்துக்கும் மேலாக, தான் செய்த பொருள் இருமுறை பழுதுபட்டும் இருமுறையும் அதைச் சீர்செய்ய முடிந்தது என்ற அனுபவம் அவளுக்குக் கிட்டியது. மூன்றாவது முறை பழுது நேரும்போது அவள் அஞ்சமாட்டாள். பந்துரா கூறிய முதல் வழி இதுவே. தெருவில் உள்ளோர் அந்த விளக்கைப் பார்த்துக் குடத்துடன் வெளியே வரும் நாளில், அவள் மாணவி என்ற நிலையோடு ஆக்குநர் என்ற நிலையையும் அடைகிறாள். அதைக் கண்டு அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஒன்றைச் செய்யத் தொடங்கினால், இரண்டாம் வழியும் திறந்துவிட்டது எனலாம்.

தாய்மொழியின் பங்கு

நிரலாக்கத்தைத் தொடங்கும் மாணவர் இரு தடைகளை ஒருங்கே எதிர்கொள்கிறார். ஒன்று, தருக்க முறையில் எண்ணுவது. மற்றொன்று, ஆங்கிலச் சொற்கள். முதலாவது தேவையான உழைப்பு. இரண்டாவதைத் தொடக்க நிலையில் பெருமளவு குறைக்க இயலும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழி தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்டது. ‘பதிப்பி’ என்றால் திரையில் எழுத்துத் தோன்றும். ‘ஆனால்’ என்பது நிபந்தனையைக் குறிக்கும். ‘முடி’ என்பது பகுதியை முடிக்கும். இத்தகைய முயற்சிகள், நிரல் என்பது ஆங்கிலம் அறிந்தோரின் தனிச்சொத்து என்ற மயக்கத்தை நீக்குகின்றன.

பெங்களூருவின் வகுப்பறை பன்மொழி வகுப்பறை. ஒரே பலகையில் அமரும் பிள்ளைகள் வீட்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எனப் பல மொழிகளைப் பேசுவர். தம் திட்டத்தைத் தம் மொழியில் விளக்க அவர்களை அனுமதிப்பது ஆசிரியருக்குக் கூடுதல் செலவில்லாத உதவி. ஆங்கிலச் சொற்களைப் பின்னர்ப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளலாம். துணிவு வந்தபின் மொழி தடையாக நிற்பதில்லை.

அரசின் திட்டங்கள்

பள்ளிகளில் கணிப்பொறிக் கல்விக்கான முயற்சி நம் நாட்டில் 40 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 1984-இல் மைய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணிப்பொறி எழுத்தறிவுத் திட்டம், சுமார் 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை வைத்தது. 2004-இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் வந்தது. 2016-இல் நிதி ஆயோக்கின் கீழ் தொடங்கப்பெற்ற அடல் ஆக்க ஆய்வுக்கூடத் திட்டத்தில், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென 10,000 பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டன. ஒரு பள்ளிக்கு ரூ. 20 லட்சம் வரை நிதி வழங்கப்பெறுகிறது. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் மேலும் 50,000 ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்படும் என 2025-ஆம் ஆண்டு மைய அரசின் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. நிரலாக்கச் செயல்பாடுகள் நடுநிலை வகுப்புகளிலேயே இடம்பெற வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது.

மறுபுறத்தையும் நோக்க வேண்டும். மைய அரசின் 2024-25-ஆம் ஆண்டுப் பள்ளிப் புள்ளிவிவரத்தின்படி கணிப்பொறி வசதி உள்ள பள்ளிகள் 64.7 விழுக்காடு, இணைய வசதி உள்ளவை 63.5 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பள்ளிக்குக் கணிப்பொறி இன்னும் சென்றுசேரவில்லை என்பது இதன் பொருள்.

அண்டை மாநிலமான கேரளம் வேறொரு கோணத்தில் முன்னோடியாக விளங்குகிறது. அங்கு 2018-இல் தொடங்கப்பெற்ற ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் 2,000-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் அமைந்தன. அசைவூட்டப் படம், நிரலாக்கம், மலையாளக் கணிமை, எந்திரனியல் ஆகியவற்றில் மாணவர்கள் பயிற்சி பெற்றுப் பள்ளி, மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக முகாம்களில் கலந்துகொள்கின்றனர். பள்ளியின் கருவிகளைப் பேணுவதிலும் பிற மாணவர்க்கும் பெற்றோர்க்கும் கற்பிப்பதிலும் அவர்களுக்குப் பங்குண்டு. கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இப்பணி நடைபெறுவதால் உரிமக் கட்டணச் சுமையும் இல்லை. இங்கே மாணவர் பயனாளி என்ற நிலையிலிருந்து பொறுப்பாளர் என்ற நிலைக்கு உயர்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

எதை எண்ணுவது?

அலுவலகக் கோப்புகளில் எளிதாகப் பதிவாகுபவை, வாங்கிய கருவிகளின் எண்ணிக்கையும் செலவான தொகையுமே ஆகும். அவை தேவைதாம். ஆனால் அவற்றோடு ஆய்வு நின்றுவிட்டால், கருவி கெட்டுவிடும் என்ற அச்சத்தால் ஆய்வுக்கூடம் பூட்டப்படும் நிலை உருவாகும். இருப்புப் பதிவேட்டில் குறைவு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியர், பிள்ளைகளின் கைக்குக் கருவியைத் தரத் தயங்குவது இயல்பு. பயன்படுத்தியதால் பழுதான பொருளுக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்காத விதிமுறையும், பழுதுபார்ப்புக்கெனச் சிறு தொகையும் இருந்தால் அப்பூட்டு தானே திறக்கும்.

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. இவ்வாண்டு மாணவர்கள் தாமே தேர்ந்து முடித்த திட்டங்கள் எத்தனை? அவற்றுள் மாணவியர் செய்தவை எத்தனை? முதல் முயற்சியில் தோற்றுப் பின் திருத்தப்பட்டவை எவை? வாரத்தில் எத்தனை மணி நேரம் கூடம் திறந்திருந்தது? மாணவரின் குறிப்பேட்டைப் புரட்டினாலே பாதி விடை கிடைத்துவிடும். அடித்தலும் திருத்தலும் நிறைந்த குறிப்பேடு, படியெடுத்த அழகான குறிப்பேட்டைவிட மேலான சான்று.

கண்காட்சிகளிலும் கவனம் தேவை. பரிசு பெறுவதற்காக ஆசிரியரோ வெளியாரோ செய்து கொடுத்த மாதிரியை மாணவர் மனப்பாடமாக விளக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அந்த மாணவர் பரிசோடு வீடு திரும்புவார்; துணிவோடு திரும்பமாட்டார். தாம் செய்யாததற்குப் பாராட்டுப் பெற்றவர், தம்மால் செய்ய இயலாது என்ற பாடத்தையே கற்றுக்கொள்கிறார்.

ஆசிரியர் எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் தேவையற்றது. ‘இருவரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்’ என்று சொல்லக்கூடிய ஆசிரியரே இப்பணிக்கு ஏற்றவர். பெங்களூரு போன்ற நகரங்களில் பொறியியல் கல்லூரி மாணவர்களும் தொழில் நிறுவனங்களின் பொறியாளர்களும் வாரம் ஒரு மாலைப் பொழுதை அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளிக்கு ஒதுக்கினால், குரப்பனபாளையத்தில் நிகழ்ந்தது பல இடங்களிலும் நிகழக்கூடும்.

தானே நிரல் எழுதும் கருவிகள்

இக்காலத்தில் ஓர் ஐயம் எழுப்பப்படுகிறது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ‘சாட் ஜிபிடி’ வெளிவந்தது முதல், கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகியுள்ளன. இனி மாணவர் நிரல் கற்பதால் பயன் என்ன என்பதே அந்த ஐயம்.

நீர்க் கருவி எடுத்துக்காட்டை நினைவுகூர்ந்தால் விடை தெளிவாகும். ‘ஈரம் இருந்தால் விளக்கை எரி’ என்ற நிரலை எந்திரம் நொடியில் எழுதிவிடும். பாட்டிக்கு விளக்கே வேண்டும் என்பதைத் தெருவில் கேட்டறிந்தவள் மாணவி. கிண்ணத்தின் அடியில் துளை இட வேண்டும் என்பதைக் குழாயடியில் குனிந்து பார்த்துக் கண்டவளும் அவளே. எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, செய்தது சரியாக உள்ளதா என்று முடிவு செய்யும் பொறுப்பு மனிதரிடமே இருக்கும். தாமே ஒன்றைக் கட்டித் திருத்திப் பழகியவர்க்கே அந்த முடிவை எடுக்கும் துணிவும் தெளிவும் வாய்க்கும். பழகாதவர், எந்திரம் தந்ததை அப்படியே ஏற்பார்.

மாணவர்களுக்கு

மாணவ நண்பர்கள் அனைவரும் மென்பொருள் பொறியாளராக வேண்டும் என்பது இதன் நோக்கமன்று. உழவர், மருத்துவர், ஆசிரியர், அலுவலர் என எப்பணியை ஏற்பினும், எதிர்ப்படும் குறையைக் கண்டு முறையிடுவதோடு நில்லாமல், அதை மாற்றி அமைக்க முயல்பவராக அவர்கள் விளங்க வேண்டும். அதற்கு முதற்படி மிகச் சிறியது. தம் வீட்டிலோ தெருவிலோ பள்ளியிலோ உள்ள ஒரு சிறு குறையைத் தேர்ந்துகொள்வது, அதனால் இடர்ப்படுவோரைக் கேட்பது, எளிய ஒன்றைச் செய்து பார்ப்பது, பழுதானால் திருத்துவது, முடித்தபின் பிறருக்குக் காட்டுவது. வாங்கி வைத்த கருவிகளின் பெட்டியைத் திறந்து பிள்ளைகளின் கையில் தருவது அலுவலர், ஆசிரியர் ஆகியோரின் கடமை. இவ்விரண்டும் ஒன்றுசேரும் பள்ளிகளின் எண்ணிக்கை பெருகுவதைப் பொறுத்தே, நிரல் எழுதும் நாடு என்று பெயர் பெற்ற இந்தியா தனக்குத் தேவையானதைத் தானே வடிவமைக்கும் நாடாகவும் உயரும்.